கடைமடைக்கும் தண்ணீர்: வேலூர் விடுதியொன்றில் எஸ்.கியூ.எம். மென்பொருள் – ஒரு மதிப்புரை

வேலூர் தோட்டப்பாளையத்தில் என் தாய்மாமா ஒரு தங்கும் விடுதி நடத்துகிறார். அங்கே இணைய நெரிசலைத் தீர்க்க நான் ரூட்டரில் நிறுவிய எஸ்.கியூ.எம். என்ற வரிசை மேலாண்மை மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. மூன்று தளங்கள், 22 அறைகள், ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில் இருப்பதால், தங்குபவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும்தாம். காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து, அறைச் சாவியை வாங்கிய கையோடு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வைஃபை பாஸ்வேர்டு என்ன என்பது. ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு இரவில் முகம் பார்த்துப் பேசுவதற்கு அதைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதால், இந்த விடுதியில் வைஃபை சரியில்லை என்பது குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்குச் சமமான குறையாகும்.

அந்தக் குறை பகலில் எழவே இல்லை. இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் தவறாமல் எழுந்தது. வீடியோ அழைப்பில் படம் உறைந்து நிற்கும், குரல் விட்டுவிட்டுக் கேட்கும், வரவேற்பு மேசையில் யுபிஐ பணம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டு பக்கத்தாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இணைப்புத் தந்த நிறுவனத்தாரை அழைத்தால், மறுநாள் பகலில் வந்து வேகத்தைச் சோதித்துக் காட்டி, சொன்ன வேகம் முழுமையாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. மாமா 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டத்திலிருந்து 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறிப் பார்த்தார். மாத வாடகை கூடியது. எட்டு மணிக் குறை அப்படியே இருந்தது.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் வலையமைப்புப் பாடம் நடத்துகிறவன். வரிசை மேலாண்மை என்று ஓர் அத்தியாயத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, மாமாவின் விடுதியில் அதே நோய் இருப்பதை ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் ஓர் இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. திட்டத்தின் பதிவிறக்க வேகம் 200 என்று இருந்தாலும் பதிவேற்ற வேகம் முன்பு போலவே 20 எம்.பி.பி.எஸ். மட்டுமே. அன்று மாலை அறை எடுத்தவர்களின் போன்கள் எல்லாம் வைஃபை கிடைத்த மறுநிமிடமே வழியில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தாமாகவே மேலே அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. அந்த 20 எம்.பி.பி.எஸ். குழாயின் வாயில் பொட்டலங்கள், அதாவது இணையத்தில் தரவு பயணம் செய்யும் சிறு துண்டுகள், வரிசைகட்டி நிற்கின்றன.

எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். லினக்ஸில் ஈதர்நெட் முனையொன்றின் வழக்கமான வரிசை நீளம் 1000 பொட்டலங்கள். பொட்டலம் ஒன்றுக்கு 1500 பைட் என்றால், வரிசை நிறைந்திருக்கும்போது அதில் 1 கோடியே 20 லட்சம் பிட்கள் காத்திருக்கின்றன. நொடிக்கு 2 கோடி பிட்கள் வெளியேறும் குழாயில் அது 0.6 நொடித் தாமதம். தொலைபேசி உரையாடலில் ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இங்கே அதைப்போல நான்கு மடங்கு தாமதம் வாசலிலேயே ஆகிவிடுகிறது. பதிவிறக்கம் செய்பவரும் தப்ப முடியாது, ஏனென்றால் ‘வந்து சேர்ந்தது’ என்று அவருடைய போன் அனுப்பும் சிறு ஒப்புகைப் பொட்டலங்களும் அதே வரிசையில்தான் நின்றாக வேண்டும். 200 எம்.பி.பி.எஸ். வாங்கியும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1985ஆம் ஆண்டிலேயே ஜான் நேகிள் என்ற பொறியாளர், இணைய ஆவண வரிசையில் 970ஆம் எண்ணுள்ள குறிப்பில், பொட்டலங்களைச் சேர்த்துவைக்க எல்லையற்ற இடமிருந்தாலும் நெரிசல் தீராது என்று காட்டினார்: பொட்டலங்களுக்கு ஆயுள் ஒன்று உண்டு என்பதால், முடிவில்லாத வரிசையில் நின்று முன்னால் வருவதற்குள் அவை எல்லாமே காலாவதியாகிவிடும். வரிசையை நீட்டுவதை விட்டுவிட்டு, அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறைவைத்து ஒரு பொட்டலம் எடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வு.

முறைவைத்து என்றதும் எனக்குக் காவேரிப்பாக்கம் ஏரி நினைவுக்கு வருகிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் பெறும் அந்த ஏரியின் பாசனத்தில், கடைமடைப் பக்கம் என் தாத்தாவுக்கு ஒரு காணி நிலம் இருந்தது. தலைமடைக்காரர்கள் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்குச் சொட்டுக்கூட வராது. அதனால் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்து, யார் வயலுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு என்று மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று திருப்பிவிடுவார். (நீர்க்கட்டி என்று தோட்டப்பாளையத்தில் சொன்னால் எந்த உறுப்பில் என்றுதான் கேட்பார்கள், இது மருத்துவமனைத் தெரு.) பழைய ரூட்டரில் வரிசை மேலாண்மை என்ற பெயரில் இருந்தது கண்டிப்பான முன்னுரிமை ஒன்றுதான். அதில் வரவேற்பு மேசைக் கணினியை மேல் வரிசையில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கணினி கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை மேலே அனுப்பிய இரவில், அறைகள் அத்தனையும் கடைமடை ஆயின. மேல் வரிசை காலியாகும்வரை கீழ் வரிசையைத் திரும்பிப் பார்க்காத முறைக்கு அது இயல்பான விளைவே.

முறைவைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மென்பொருளின் மதிப்பு அதில்தான் இருக்கிறது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சுற்றுக்கு ஒரு பொட்டலம் என்று எடுத்தால், 1500 பைட் பொட்டலம் அனுப்புகிறவருக்கு, 200 பைட் பொட்டலம் அனுப்புகிறவரைப்போல ஏழரை மடங்கு கிடைத்துவிடும். படங்களை ஏற்றுகிற போன் பெரிய பொட்டலங்களை அனுப்பும், குரல் அழைப்பு சிறியவற்றை அனுப்பும். ஆகவே சமமாக எண்ணியும் பங்கு கோணலாகிவிடுகிறது. 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் ஆகிய மூவரும், ஒவ்வொரு பிட்டாக முறைவைத்தால் ஒரு பொட்டலம் எப்போது முடிந்திருக்கும் என்று கணக்கிட்டு, முந்தி முடிவதை முந்தி அனுப்பும் நியாய வரிசை முறையை விரித்துக் காட்டினார்கள். பங்கீடு மிகத் துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முடிவு நேரத்தை வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால், வரிசைகள் பெருகப் பெருக வேலையும் பெருகும்.

1995இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் முன்வைத்த வழி, நம்மூர் மளிகைக்கடைப் பற்று நோட்டுப் போன்றது. ஒவ்வொரு வரிசைக்கும் சுற்றுக்கு 500 பைட் வரவு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 200 பைட் பொட்டலங்கள் நிற்கும் வரிசை, முதல் சுற்றில் இரண்டை அனுப்பிவிட்டு மிச்சம் 100ஐக் கணக்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் 600 ஆகும், மூன்றை அனுப்பும். 1500 பைட் பொட்டலம் நிற்கும் வரிசை முதல் இரண்டு சுற்றிலும் எதுவும் அனுப்பாமல் வரவை மட்டும் சேர்த்து, மூன்றாம் சுற்றில் அதை அனுப்பும். வரிசை காலியானால் மிச்சக் கணக்கு அழிக்கப்படும். சும்மா இருந்தவர் வரவைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாகப் பாய முடியாது. ஒரு சுற்றின் வரவு மிகப் பெரிய பொட்டலத்தின் அளவுக்குக் குறையாமல் இருந்தால், எத்தனை வரிசைகள் இருந்தாலும் ஒரு பொட்டலத்துக்கு ஆகும் வேலை கூடுவதில்லை. கைக்கடக்கமான ரூட்டரின் சிறு செயலியில் (பிராசஸரில்) இது ஓடுவதற்கு அந்த எளிமையே காரணம். இந்த அத்தியாயத்தில் மாணவர்கள் கொட்டாவி விடாமல் கேட்கும் பகுதியும் இதுதான்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். ஓபன்டபிள்யூஆர்டி என்பது 2004 முதல் வளர்ந்துவரும், ரூட்டர்களுக்கான இலவச லினக்ஸ் இயங்குதளம். அதில் எஸ்.கியூ.எம். என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு முறைகள் கிடைக்கும். முதலாவது எஃப்கியூ-கோடல்; 2012இல் லினக்ஸில் சேர்ந்தது. இது இணைப்புகளை (ஓர் அழைப்பு, ஒரு பதிவேற்றம் என ஒவ்வொன்றும் தனி இணைப்பு) 1024 வரிசைகளில் பிரித்து, மேலே சொன்ன வரவுக் கணக்கில் சுற்றி வருகிறது. புதிதாகத் தலைகாட்டும் சிறு இணைப்பை ஒரு சுற்று முன்னால் விடுகிறது. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வகுத்த கோடல் முறை காவல் நிற்கிறது: பொட்டலங்கள் காத்திருக்கும் நேரம் 100 மில்லிசெகண்டு முழுக்க 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமலே இருந்தால், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்புகிறவரை வேகம் குறைக்கச் செய்கிறது. நெரிசல் நீடித்தால் கைவிடும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது, கேக். 2018இல் லினக்ஸ் 4.19ஆம் பதிப்பில் சேர்ந்தது. (‘கேக் போட்டாயிற்று மாமா’ என்று போனில் சொன்னதற்கு, ‘யாருக்குப் பிறந்தநாள்?’ என்று கேட்டார்.) முந்தையதைவிட இது ஒரு படி மேலே போகிறது. எஃப்கியூ-கோடல் இணைப்புகளுக்கிடையே மட்டும் நியாயம் பார்க்கும். ஒரே கணினி ஐம்பது இணைப்புகளைத் திறந்தால் அதற்கு ஐம்பது பங்கு போய்விடும். கேக்கோ முதலில் போன்களுக்கிடையே பங்கிட்டு, பிறகு ஒவ்வொரு போனின் பங்கையும் அதன் இணைப்புகளுக்கிடையே பிரிக்கிறது. விடுதிக்கு வேண்டியது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிறுவுவது கடினமில்லை. ஓபன்டபிள்யூஆர்டி ஏற்கும் ஒரு ரூட்டரைத் தேடி வாங்கியதும், அதில் மென்பொருளை ஏற்றியதும் ஒரு ஞாயிறு காலையில் முடிந்தன. அமைப்புப் பக்கத்தில் பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் என்று இரண்டு எண்களைத் தர வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் அளந்த வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தருவது இங்கே முக்கியம். அப்போதுதான் வரிசை இணைப்பு நிறுவனத்தின் பெட்டிக்குள் உருவாகாமல், நாம் ஆளக்கூடிய நம் ரூட்டரில் உருவாகும். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கே திரும்பி, பதிவிறக்கத்துக்கு 92 என்றும் பதிவேற்றத்துக்கு 18 என்றும் வைத்தேன். போன் வாரியான பங்கீட்டுக்கு உரிய கட்டளைகள் மட்டும், ‘ஆபத்தான அமைப்புகளைக் காட்டு’ என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும் கட்டத்தைச் சொடுக்கிய பிறகே எழுத முடிகின்றன. முகவரி மாற்றத்துக்கு (போன்களின் உள்முகவரிகளை ரூட்டர் வெளியே ஒரே முகவரியாக மாற்றிக் காட்டுவதற்கு) முந்தைய உள்முகவரியைப் பார் என்ற சொல்லையும், வெளியே போகும் திசையில் அனுப்புகிறவர் வாரியாகவும் உள்ளே வரும் திசையில் பெறுகிறவர் வாரியாகவும் பிரி என்ற சொற்களையும் கையால் தட்ட வேண்டும். முதல் சொல்லை விட்டுவிட்டால், விடுதியின் எல்லாப் போன்களும் வெளியே தெரியும் ஒரே முகவரியாகவே கணக்கில் வரும். பெரும்பாலான வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தேவைப்படுகிற ஒன்றை அச்சமூட்டும் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பதை நான் குறையாகவே எண்ணுகிறேன்.

அன்றிரவே மாற்றம் தெரிந்தது. இரண்டு மடிக்கணினிகளில் பெரிய கோப்புகளை ஏற்றிக்கொண்டே தாமதத்தை அளந்தேன். முன்பு 600 மில்லிசெகண்டைத் தாண்டியது, இப்போது 30ஐ ஒட்டி நின்றது. முதல் தளத்தில் தங்கியிருந்த மால்டாக்காரர் ஒருவர், ‘நேற்றுவரை என் பேத்தி பாதி வார்த்தை மட்டுமே பேசினாள்’ என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் மூன்றாம் நாள் ஒரு விசித்திரமான புகார் வந்தது. மூன்றாம் தளத்தில் மூன்றே பேர் தங்கியிருந்தார்கள், அவர்களுக்கு இணையம் பறந்தது; முதல் தளத்தில் ஏறக்குறைய முப்பது போன்கள் இருந்தன, அங்கே பெரிய கோப்புகள் நகரவில்லை. இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகு என் தவற்றைக் கண்டேன். தளத்துக்கு ஒன்றாக முன்பே மாட்டியிருந்த மூன்று வைஃபை பெட்டிகளும் தனித்தனி ரூட்டர்களாகவே இயங்கி, தத்தம் தளத்துப் போன்களை எல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்துவிட்டன. கேக்கின் கண்ணுக்கு விடுதியில் இருந்தவர்கள் மூன்று பேர். அது மூன்று பேருக்கும் நேர்மையாகச் சமப்பங்கு கொடுத்திருக்கிறது. வயலுக்கு வயல் முறைவைக்கச் சொன்ன நீர்க்கட்டியிடம் ஊருக்கு ஒரு மடையை மட்டும் காட்டியது நான்தான். பெட்டிகளில் முகவரி மாற்றத்தையும் முகவரி வழங்கலையும் அணைத்து, வெறும் வைஃபை முனைகளாக ஆக்கியபின் சரியாயிற்று. பல தளங்களில் ரூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் விடுதிக்காரர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. இந்த மென்பொருள் ஓடும்போது ரூட்டரின் வன்பொருள் குறுக்குவழியை அணைத்தாக வேண்டும், ஏனென்றால் அவ்வழியே போகும் பொட்டலங்கள் வரிசையையே தொடாமல் கடந்துவிடுகின்றன. அதனால் எல்லாச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எங்கள் சிறு பெட்டி போதும், 500 எம்.பி.பி.எஸ். திட்டம் வைத்திருப்பவர் விலை கூடிய பெட்டிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். தவிர, நாம் தரும் வேக எண் மாறாதது. மாலையில் இணைப்பின் வேகமே 92க்குக் கீழே போனால், வரிசை மறுபடியும் நம் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்துவிடும். தாமதத்தைப் பார்த்து எண்ணைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோரேட் என்ற துணை நிரல் இருக்கிறது; மொபைல் சிம் போட்ட ரூட்டர்காரர்களுக்கு அது கட்டாயம், ஃபைபரில் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. மூன்றாம் தளத்தின் கோடி அறையில் வைஃபை அலையே வலுவில்லாமல் இருப்பதற்கும் இது மருந்தாகாது. அந்தப் புகாரை மாமா இப்போதும் என்னிடமே அனுப்புகிறார்.

கேக்கில் குரல், வீடியோ, சாதாரணம், அவசரமில்லாத மொத்தச் சரக்கு என்று தரம் பிரிக்கும் வசதியும் உண்டு. நான் அதைத் தொடவில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் தரச் சீட்டை நம்பி அது வேலை செய்கிறது; இணையத்தைத் தாண்டி வருவதற்குள் அந்தச் சீட்டு கிழிந்தோ மாறியோ போய்விடுவதுண்டு. சிறு பொட்டலங்களாக, விட்டுவிட்டு வரும் குரல் அழைப்பு, பங்கு சமமாக இருந்தாலே தன் வரிசையில் காத்திருக்க வேண்டிய நிலை அநேகமாக வருவதில்லை. தன் பங்கைவிடக் குறைவாகக் கேட்பவருக்கு உடனே கிடைத்துவிடுகிறது.

மாமா மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை. ‘ஏம்பா, நான் வாடகை வாங்குவது அறைக்கு, உன் பெட்டி பங்கு வைப்பது போனுக்கு. பதினான்காம் நம்பர் அறையில் அஞ்சு போன் இருக்கிறது, பதினைந்தில் ஒரு கிழவர் ஒரு போனோடு இருக்கிறார். அஞ்சு பங்கு அவர்களுக்கு, ஒரு பங்கு இவருக்கு என்றால் எப்படி?’ என்று கேட்டார். தாத்தாவின் ஊரிலும் தலைக்கட்டு வாரியாகப் பிரிப்பதா, காணி வாரியாகப் பிரிப்பதா என்று இப்படித்தான் சண்டை வந்ததாகச் சொல்வார்கள். கேக் முகவரியைத்தான் அறியும், அறையை அறியாது. அறை வாரியாகப் பங்கிட வேண்டுமானால் 22 அறைகளுக்கும் தனித்தனி வயர் இழுத்து, ஒவ்வொன்றையும் தனி வலையாகப் பிரித்து, அறைக்கு ஒரு வரிசை என்று வேறு முறையில் கட்ட வேண்டும். மின்பணியாளர் ஒருவரிடம் செலவுக் கணக்கு வாங்கி உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வரவேற்பு மேசை இழுப்பறையில் அது இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.